பெயின்ட் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகாத கார்: சோக் குமிழ் ஏன் சுடுகிறது?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய தந்தை 28 ஆண்டுகளாக ஓட்டிய பெட்ரோல் கார் அது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரும், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும், பாயின்ட் (திறந்து மூடும் சிறு மின் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய வகை. ஏழு மாதங்களுக்கு முன்புவரை காலையில், குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டித்தரும் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளுமாம். துருப்பிடித்த இடங்களைச் சரிசெய்ய டிங்கரிங், பெயின்ட் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். பானெட்டுக்கு உள்ளேயும் பெயின்ட் அடித்து, புதுக் கார் போலத் திரும்பி வந்தது. வந்த நாளிலேயே ஸ்டார்ட் செய்வதற்குச் சிரமப்பட்டது. பிறகு நான்கு மாதங்கள் அப்படியே நின்றது. இப்போது அறவே ஸ்டார்ட் ஆவதில்லை.

இதற்குள் புதிய பேட்டரி வைத்தாயிற்று. நான்கு பிளக்குகளும் மாற்றப்பட்டன. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் போட்டார்கள்; கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஆனாலும் செல்ஃப் முனகிக்கொண்டு மெதுவாகத்தான் சுற்றுகிறது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரனும் நன்றாக ஒலிக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது மஞ்சளாக ஒரு பொறி வந்தது. ஒரு மெக்கானிக் “என்ஜின் டைட் ஆகிவிட்டது, ஓவர்ஹால் செய்ய வேண்டும்” என்கிறார், அதாவது என்ஜின் இறுகிவிட்டது, முழுதாகப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். தம்பியோ இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். இந்த மூன்றில் எதைச் செய்வது என்பதே வாசகியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் விரிவாக எழுதியவற்றைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகளே எனக்கு அதிகம் உதவின. “சாவியை விடும்போது மட்டும் சில சமயம் ஒருமுறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது” என்பது ஒன்று. “பலமுறை முயன்றதில் சோக் குமிழைத் தொட்டால் கை சுட்டது, என்ஜின் சூடாகிவிட்டது என்று விட்டுவிட்டோம்” என்பது மற்றொன்று. ஸ்டார்ட்டே ஆகாத என்ஜின் சூடாவதற்கு வழியில்லை. அப்படிச் சூடானாலும் அந்தச் சூடு கேபிள் வழியாக டேஷ்போர்டு வரை வந்து குமிழைச் சுடவைக்காது. அந்தக் குமிழைச் சுடவைத்தது மின்சாரம்.

காரை நேரில் பார்க்காமல் நான் சொல்வது ஊகம்தான். ஆனால் அரை மணி நேரத்தில் நீங்களே சோதித்து உறுதிசெய்யவோ தள்ளிவிடவோ கூடிய ஊகம். உங்கள் காரின் என்ஜினுக்குச் செல்லும் எர்த் இணைப்பு, அதாவது கரன்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதை, கெட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பார்க்காமல் ஓவர்ஹாலுக்கோ புதிய கார்புரேட்டருக்கோ பணம் கட்ட வேண்டாம்.

விளக்கு எரிவது எதற்குச் சாட்சி?

“பேட்டரி புதிது, விளக்கும் நன்றாக எரிகிறது, ஆகவே கரன்ட்டில் குறை இல்லை” என்று உங்கள் தம்பி உறுதியாகச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டு ஹெட்லைட்டுகளும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர்தான் எடுக்கும். சிறிய பெட்ரோல் என்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாரோ 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். குடிதண்ணீர்க் குழாயில் சொம்பு நிரம்புகிறது என்பதற்காக அதே குழாயைக் கொண்டு தீயை அணைத்துவிட முடியாதல்லவா?

இன்னொரு முக்கியமான விஷயம், விளக்கும் செல்ஃபும் பேட்டரிக்குத் திரும்பும் பாதை ஒன்றல்ல. விளக்குகளின் கரன்ட் காரின் பாடி வழியாகத் திரும்புகிறது. என்ஜினோ அதிர்வு தெரியாமலிருக்க ரப்பர் மவுன்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் என்ஜினையோ கியர்பாக்ஸையோ பாடியோடு இணைக்கத் தாமிரக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டை இருக்கும். எர்த் ஸ்ட்ராப் என்பார்கள். விரல் அகலம், ஒரு சாண் நீளம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு போல்ட், அவ்வளவுதான். செல்ஃப் இழுக்கும் அத்தனை ஆம்பியரும் அந்தப் போல்ட்டுகளின் அடியில் இரும்பும் தாமிரமும் தொடும் சிறிய வட்டத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

பெயின்ட் வேலைக்கு முன் அந்தப் பட்டையைக் கழற்றியிருப்பார்கள். வேலை முடிந்ததும், புதிய பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார்கள், அல்லது மாட்டவே மறந்திருப்பார்கள். “பெயின்ட்டுக்கும் ஸ்டார்ட்டுக்கும் சம்பந்தம் இருக்காது என்றாலும் சொல்லிவைக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளையாகச் சொன்னீர்கள்.

இந்தப் பட்டை கைவிட்டால் கரன்ட் சும்மா இருக்காது; என்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு உலோகத்தைத் தேடிப் போகும். சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் ஆகிய மூன்றும் அத்தகையவை. மெல்லிய கம்பிகள் அத்தனை ஆம்பியரைச் சுமக்கும்போது சூடாகின்றன. உங்கள் கையைச் சுட்டது இதுதான். தொடர்ந்து செல்ஃப் அடித்தால் கேபிளின் உறை உருகும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் உள்ளே ஒட்டிக்கொண்டால் பிறகு கார் ஓடும்போது பெடல் திரும்பி வராது. கார்புரேட்டரை ஒட்டியே இந்தக் கேபிள்கள் போகின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். எனவே கீழே சொல்லும் சோதனை முடியும்வரை ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம்.

சாவியை விடும்போது மட்டும் ஏன் இருமுகிறது?

பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில், பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலின் கரன்ட், பாயின்ட் வழியாக என்ஜினுக்கு இறங்கி, அங்கிருந்து அதே எர்த் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். பட்டையின் முனையில் 0.02 ஓம் தடை இருக்கிறது, செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஓரிடத்திலேயே 3 வோல்ட் காணாமல் போகிறது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியே 10 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். அதில் 3 போனால் காயிலுக்குக் கிடைப்பது 7. பொறி மஞ்சளாக, சோகையாக வருகிறது. சாவியை விட்டதும் செல்ஃபின் இழுப்பு நிற்கிறது, காயிலுக்கு வோல்ட் முழுதாகத் திரும்புகிறது, சுற்றிய வேகத்தில் என்ஜின் இன்னும் அரைச் சுற்று உருண்டுகொண்டிருக்கிறது. அந்த அரைச் சுற்றில் ஒரு நல்ல பொறி விழுகிறது, ஒரு இருமல். அந்த ஓர் இருமலே பெட்ரோல் கொஞ்சமாவது வருகிறது, டைமிங் (பொறி விழும் நேரம்) பெரிதாக மாறவில்லை, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) இருக்கிறது என்பதற்கெல்லாம் சாட்சி.

பிளக்கை வெளியே வைத்துப் பார்த்த பொறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிக்காற்றில் பொறி தாண்டுவது எளிது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்டப் பலமடங்கு வோல்ட் வேண்டும். வெளியே பொறி தெரிந்தால் உள்ளேயும் பொறி விழும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நீல வெண்மையாக, ‘டிக்’ என்ற ஓசையோடு விழ வேண்டும்.

இதே இருமலுக்கு வேறொரு காரணமும் உண்டு. சில கார்களில் காயிலுக்கு முன் கரன்ட்டைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கும்; செல்ஃப் சுற்றும்போது மட்டும் அதைத் தாண்டி நேராகக் கரன்ட் கொடுக்க, செல்ஃபை இயக்கும் சுவிட்சான சொலினாய்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் காயிலுக்குப் போகும். உங்கள் செல்ஃபை ஒருமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பதால் அந்த வயர் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அந்த வயர் இல்லாவிட்டால் செல்ஃப் மெதுவாகச் சுற்றாது, சோக்கும் சுடாது. எனவே என் முதல் சந்தேகம் எர்த் மீதுதான்.

அரை மணி நேரச் சோதனை

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். கார் திறந்த வெளியில் நிற்கட்டும். பெட்ரோல் வாடை அடித்தால் அது அடங்கும்வரை காத்திருங்கள். ஒரு கார் பேட்டரியிலிருந்து மற்றொன்றுக்கு இணைக்கும் தடித்த ஜம்பர் கேபிள் ஒன்று போதும். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் டெர்மினலிலும், மறு முனையை என்ஜினில் பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பிலும் கவ்வவிடுங்கள். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட் நல்ல இடம். என்ஜின் பக்கத்து முனையைக் கடைசியில் மாட்டுங்கள். பேட்டரியின் அருகில் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், பொறி பறந்தாலும் அங்கே பறக்கக் கூடாது. இப்போது செல்ஃப் அடித்துப் பாருங்கள். முனகல் போய்ச் செல்ஃப் விறுவிறுவென்று சுற்றினால் நோய் தெரிந்துவிட்டது. அப்போதே கார் ஸ்டார்ட் ஆகிவிட்டாலும் வியப்பில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். முதலில் ஜம்பர் கேபிளை எடுத்துவிட்டு, காயிலின் பிளஸ் முனைக்கு வரும் வயர்களைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். என்ஜின் பிடித்துக்கொள்ளாமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்தின் மேலும் (கிளாம்பின் மேல் அல்ல, கம்பத்தின் மேல்), மறு முனையை என்ஜினிலும் வையுங்கள். இன்னொருவர் சில விநாடிகள் செல்ஃப் அடிக்கட்டும். 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் கெட்டது. ஓம் அளவிலோ ‘பீப்’ ஒலியிலோ வைத்துப் பார்த்துவிட்டு “எர்த் சரியாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 0.02 ஓமைக் கண்டுபிடிக்க அந்த மீட்டரால் முடியாது. மீட்டர் வயரின் தடையே அதைவிட அதிகம்.

பேட்டரியையும் கையோடு பார்த்துவிடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் போதாது அல்லது பேட்டரி பலவீனம். பேட்டரி புதிதாக இருந்தாலும் இத்தனை நாள் செல்ஃப் அடித்ததில் இறங்கியிருக்கும். ஒரு இரவு முழுக்கச் சார்ஜில் போடுங்கள்.

எர்த்தான் காரணம் என்று தெரிந்தால் வேலை சிறியது. பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, பட்டையின் இரு முனை போல்ட்டுகளையும் கழற்றுங்கள். பின்னலுக்குள் பச்சைப் பூத்திருந்தால் அதைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் புதுப் பட்டை வாங்கிவிடுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய் வட்டத்துக்குப் பெயின்ட் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளியாக மின்னும்வரை கொண்டுவாருங்கள். புதுப் பெயின்ட்டைச் சுரண்ட மனம் வராதுதான். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவிவிட்டால் துரு ஏறாது. பேட்டரிக் கிளாம்புகளின் உட்புறமும் அதேபோல் மின்ன வேண்டும். மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள்.

தொழிலில் பல ஆண்டுகள் ஆன பிறகும் நான் ஒருமுறை நல்ல செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வேறொன்று போட்டு, அதுவும் முனகிய பிறகுதான் பட்டையைப் பார்த்தேன். அதன் ஒரு முனை எங்குமே மாட்டப்படாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால்

நான்கு மாதம் நின்ற காரில் பெட்ரோல் சைடிலும் குறை இருக்க வாய்ப்பு அதிகம். கார்புரேட்டரைக் கழுவி மாட்டியதால் அதில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் காலியாகவே இருக்கும். மெக்கானிக்கல் பம்ப் அதை நிரப்ப என்ஜின் பல சுற்றுகள் சுற்ற வேண்டும், முனகும் செல்ஃபில் அது நடந்திருக்காது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, என்ஜினை நிறுத்திய நிலையில், கார்புரேட்டரில் உள்ள ஆக்ஸிலரேட்டர் நெம்புகோலைக் கையால் இழுத்துக்கொண்டே கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். ஊசி முனையிலிருந்து பீய்ச்சுவதுபோல மெல்லிய தாரை விழுந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. விழாவிட்டால் பம்ப், வடிகட்டி, ரப்பர் குழாய் என்று பின்னோக்கிப் போக வேண்டும். டாங்கில் உள்ள பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தால் அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், குளிர்ந்த என்ஜின் பிடிக்கத் தேவைப்படுவதும் அந்தப் பகுதிதான்.

உங்கள் தம்பி செல்ஃப் அடிக்கும்போதே கார்புரேட்டரின் வாயில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். என்ஜின் ஒருமுறை பின்னோக்கி வெடித்தால் தீ அந்த வாய் வழியாக வெளியே வந்து, கையிலிருக்கும் பாட்டிலைப் பற்றிக்கொள்ளும். சோதித்தே ஆக வேண்டுமானால் ஒரு சிரிஞ்சில் சில மில்லி விட்டு, பாட்டிலைத் தூரமாக வைத்து, ஏர் ஃபில்டரை மூடி மாட்டிய பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். இரண்டு விநாடி ஓடி நின்றால் கரன்ட் சரி, பெட்ரோல்தான் வரவில்லை என்று பொருள். மாறாக, பிளக்குகள் நனைந்து வந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி, பம்ப் செய்யாமல், 10 விநாடி சுற்றவிடுங்கள். எப்போதும் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

பாயின்ட்டையும் பார்த்துவிட வேண்டும். நின்ற காரில் அதன் முகத்தில் ஆக்ஸைடு படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை இழுத்தால் போதும். இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி திறந்திருக்கும்போதே செல்ஃப் அடித்து, உள்ளே ரோட்டார் சுழல்கிறதா என்றும் பாருங்கள். சுழலாவிட்டால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அந்த நிலையில் மேற்கொண்டு சுற்றக் கூடாது.

ஓவர்ஹால், கார்புரேட்டர், இரும்புக் கடை

“என்ஜின் டைட்” என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, என்ஜின் தண்டின் முனையிலுள்ள கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் சுற்றுங்கள். தடங்கலின்றிச் சுற்றினால் என்ஜின் டைட் இல்லை. ஏழு மாதம் முன்புவரை புகையின்றி ஓடிய என்ஜின், கூரைக்கடியில் நான்கு மாதம் நின்றதனால் மட்டும் ஓவர்ஹாலுக்கு வந்துவிடாது.

அப்படியும் அவர் வற்புறுத்தினால், கம்ப்ரஷன் அளவைச் சிலிண்டர் வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பணம் கொடுப்பவர் என்ற முறையில் அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கவும் உண்டு. ஆனால் அந்தச் சோதனையை எர்த்தைச் சரிசெய்த பிறகே செய்ய வேண்டும். மெதுவாகச் சுற்றும் என்ஜினில் கம்ப்ரஷன் குறைவாகத்தான் காட்டும், நல்ல என்ஜினுக்கும் ஓவர்ஹால் எழுதிவிடுவார்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து எடுக்க வேண்டும். இத்தகைய பழைய பெட்ரோல் என்ஜின்களில் சுமார் 9 முதல் 12 பார் வரை வருவது வழக்கம். எண் சற்று முன்பின்னாக இருப்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கார்புரேட்டரை மாற்றச் சொன்னவரிடம் சண்டை வேண்டாம். பெட்ரோல் தாரை விழுகிறதா என்று பார்த்தீர்களா என்று மட்டும் கேளுங்கள். பழைய காருக்கு வெளிச்சந்தையில் கிடைக்கும் புதிய கார்புரேட்டர் சில சமயம் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) அளவு பொருந்தாமல் புதுத் தொல்லை தரும். உங்களுடையது தேயாமல் இருந்தால் அதையே வைத்திருப்பது நல்லது.

தம்பியின் யோசனையைத் தவறென்று சொல்ல மாட்டேன். பழைய காரை வைத்திருப்பதற்குச் செலவும் பொறுமையும் வேண்டும். ஆனால் ஒரு காரைக் கைவிட வைப்பது பெரும்பாலும் என்ஜின் அல்ல, பாடியைத் தின்னும் துரு. அதற்கான செலவை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள். விற்பதென்றே முடிவெடுத்தாலும் ஓடும் காராக விற்பது வேறு, நிற்கும் காராகப் போடுவது வேறு. அந்த முடிவை இந்தச் சோதனைக்குப் பிறகு எடுங்கள்.

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டால் சுட்டுப்போன சோக் கேபிளை மாற்றிவிடுங்கள். ஆக்ஸிலரேட்டர், கிளட்ச் கேபிள்கள் உறைக்குள் தாராளமாக ஓடுகின்றனவா என்று கையால் இழுத்துப் பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள். ஆகாவிட்டால் மீண்டும் எழுதுங்கள். அப்போது மூன்று எண்களைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்: ஓய்வில் பேட்டரி வோல்ட், செல்ஃப் சுற்றும்போது பேட்டரி வோல்ட், அதே நேரத்தில் என்ஜினுக்கும் மைனஸ் கம்பத்துக்கும் இடையிலான வோல்ட்.